சாமி படத்துக்கு டிஜிட்டல் டோக்கன்: நெல்லைச் சீமை ஓவியக் குடும்பங்கள் கேட்கும் கேள்விகள்

எங்கள் அப்பா திருநெல்வேலி டவுனில் ஐம்பது வருஷம் சாமி படமும் கடைப் பலகையும் வரைந்தவர். இப்போது கை நடுங்குவதால் வரைவதில்லை. நான் பாளையங்கோட்டையில் படங்களை ஸ்கேன் எடுத்து, பிரேம் போட்டுத் தருகிறேன். 2021-இல் என்.எப்.டி (படத்துக்கு இணையத்தில் போடும் டிஜிட்டல் டோக்கன்) என்ற சொல் செய்திகளில் அடிபட ஆரம்பித்ததிலிருந்து, அப்பாவோடு வேலை பார்த்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் சுருட்டிய ஓவியம் ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். கையால் வரைந்த ஓவியத்தை டிஜிட்டல் டோக்கனாக்கி விற்கலாமா, அதில் என்ன உண்டு, என்ன இல்லை என்று கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு, நான் பட்டு அறிந்ததையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

என்.எப்.டி என்பது படமா, பத்திரமா?

பத்திரத்துக்குப் பக்கத்தில் வரும். ஒரு வயலுக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்தால், யார் யாருக்கு எப்போது விற்றார்கள் என்று வரிசையாக வரும் அல்லவா? அதுபோல ஒரு டோக்கன் யார் கையில் தொடங்கி யார் கைக்குப் போனது என்பதை, பல நாடுகளில் இருக்கும் கணினிகள் ஒரே பதிவேடாக எழுதி வைத்துக்கொள்கின்றன. அந்தப் பதிவேடுதான் பிளாக்செயின். ஒரு பத்து ரூபாய்த் தாளுக்குப் பதில் இன்னொரு பத்து ரூபாய்த் தாளைக் கொடுத்துவிடலாம். ஒரு என்.எப்.டி-க்குப் பதில் இன்னொன்றைக் கொடுக்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. எதீரியம் என்ற பிளாக்செயினில் இதற்கான பொது விதிமுறை, இ.ஆர்.சி-721 என்ற பெயரில் 2018-இல் முன்வைக்கப்பட்டது.

பத்திரப் பதிவுக்குப் போனால் மூலப் பத்திரம் கேட்பார்கள், அடையாள அட்டை கேட்பார்கள். பிளாக்செயின் எதையும் கேட்காது. எவர் வீட்டுப் படத்தையும் எவரும் டோக்கனாக்கிவிடலாம். பின்னால் வரும் சிக்கல்களில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகிறது.

டோக்கனை வாங்குகிறவருக்கு என்ன கிடைக்கும்?

டோக்கன் கிடைக்கும். அவ்வளவுதான், நீங்கள் எழுத்தில் வேறு எதுவும் கொடுக்காதவரை. கடையில் முருகன் காலண்டர் வாங்கி வீட்டில் மாட்டுகிறவருக்கு, அதை அச்சடித்து விற்கும் உரிமை வருவதில்லை. இதுவும் அப்படியே. பதிப்புரிமை தனி, அசல் ஓவியம் தனி, டோக்கன் தனி. மூன்றில் எதைக் கொடுக்கிறீர்கள், எதை வைத்துக்கொள்கிறீர்கள் என்று விற்பனைக் குறிப்பிலேயே தெளிவாக எழுதிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இருப்பதெல்லாம் கலையில் சேருமா? காலண்டருக்கு வரைந்ததுதானே?

இந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நம் பக்கத்தில் கொண்டையராஜு என்று ஒருவர் இருந்தார். 1898-இல் பிறந்தவர், நாடகக் கம்பெனிகளுக்குத் திரைச்சீலை வரைந்து ஊர் ஊராகப் போனவர், கடைசியில் கோவில்பட்டியில் தங்கிவிட்டார். 1986 வரை கோவில்பட்டி திருநெல்வேலி மாவட்டத்தில்தான் இருந்தது. அவரும் அவருடைய சீடர்களும் வரைந்த மீனாட்சியும் முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகத் தென்னாட்டு வீடுகளின் பூஜை அறைக்கெல்லாம் போய்ச் சேர்ந்தார்கள். இன்று நாம் கண்ணை மூடினால் தெரிகிற சாமி முகம் பெரும்பாலும் அந்தக் கைகள் வரைந்த முகம். கொண்டையராஜு 1976-இல் காலமானார். இப்போது ஆராய்ச்சியாளர்கள் அந்தப் படங்களைத் தேடி வருகிறார்கள்.

அந்த வழியில் வந்தவர்கள் டவுனிலும் அம்பாசமுத்திரத்திலும் சங்கரன்கோவிலிலும் இருந்தார்கள். நாடகத் திரை, ஸ்டூடியோக்களில் பின்னால் தொங்கிய மாளிகைத் திரை, கொடை விழாவுக்கு வரைந்த சுடலைமாடன், கும்பாபிஷேகத்துக்கு முன்னால் கோபுரச் சுதைக்குத் தீட்டிய வர்ணம், சினிமா பேனர் என்று எல்லாம் வரைந்தார்கள். கையெழுத்து மட்டும் போடவில்லை. சாமி படத்தில் நம் பேர் எதற்கு என்று விட்டுவிட்டார்கள். அப்பாவும் அப்படித்தான். பிரேம் கழற்ற வரும் பழைய ஓவியங்களின் பின்பக்கத்தை நான் முதலில் திருப்பிப் பார்ப்பேன். பெரும்பாலும் பேர் இருக்காது. பேர் இல்லாத படத்துக்கு ஒரு வரலாறு எழுதி, வரைந்தவர் இன்னார் என்று நிலைநிறுத்த இந்த டோக்கன் வேலை ஒரு சாக்காக இருக்கிறது. எனக்கு இதில் இருக்கும் முதல் அக்கறை அதுதான், பணம் அப்புறம்.

படம் எங்கள் கையில் இருக்கிறது. அப்படியானால் உரிமையும் எங்களுடையதுதானே?

அப்படிச் சொல்லிவிட முடியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் தன் விருப்பத்துக்கு வரைந்த படத்தின் முதல் உரிமையாளர் அவரே. ஆனால் இன்னொருவர் கேட்டு, அதற்குக் கூலி கொடுத்து வரையச் சொன்ன ஓவியம் என்றால், வேறு ஒப்பந்தம் இல்லாத பட்சத்தில் கூலி கொடுத்தவரே முதல் உரிமையாளர். காலண்டருக்கென்று அச்சகம் கேட்டு வரைந்த படங்களில் பலவும் இந்த வகையில் விழும். அசல் எப்படியோ வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கலாம், உரிமை வந்திருக்காது. பழைய கடிதங்கள், ரசீதுகள், மணியார்டர் துண்டுகள் எதையும் எறியாதீர்கள். யார் கேட்டு வரைந்தது என்பதற்கு அவைதான் சாட்சி. உரிமை அச்சகத்திடம் இருந்தாலும், இது என் படைப்பு என்று சொல்லும் உரிமை ஓவியரிடமே தங்கும். அதைச் சட்டம் தனியாகவே காப்பாற்றுகிறது.

ஓவியர் காலமாகிவிட்டால், அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை நீடிக்கும். 1976-இல் இறந்த ஒருவருடைய ஓவியத்துக்கு 2036 முடியும் வரை உண்டு. உயில் இல்லையென்றால் அது வாரிசுகள் எல்லாருக்கும் சேர்ந்த சொத்து. இதைச் சொல்லும்போது சில அண்ணாச்சிகளுக்கு முகம் மாறும். அக்கா தங்கச்சிகளைக் கட்டிக்கொடுத்தாயிற்றே என்பார்கள். கட்டிக்கொடுத்தாலும் பங்கு பங்குதான், அவர்கள் கையெழுத்தும் வேண்டும். வாரிசுச் சான்றிதழை எடுத்து, எல்லாரும் ஒப்புக்கொண்டதாக ஒரு தாளில் எழுதிய பிறகு வாருங்கள்.

பதிப்புரிமையைப் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. பதிவு செய்தால் தகராறு வரும்போது கையில் ஒரு சான்று இருக்கும். ஓவியத்துக்குக் கட்டணம் 500 ரூபாய்.

ஒரு நிறுவனம் எல்லாவற்றையும் தாங்களே செய்து தருவதாகச் சொல்கிறது. கையெழுத்துப் போடலாமா?

அந்தத் தாளில் 'உலகம் முழுக்க, எல்லாக் காலத்துக்கும், எல்லா உரிமைகளும்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் போடாதீர்கள். டோக்கன் வெளியிட அனுமதி போதும், உரிமை மாற்றம் தேவையே இல்லை. பதிப்புரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் அவர்கள் அந்த இரண்டையும் மறக்காமல் எழுதுகிறார்கள்.

முன்பணம் கேட்டால் யோசிக்கவே வேண்டாம், எழுந்து வந்துவிடுங்கள்.

திருப்புடைமருதூர் கோபுர ஓவியங்களைப் படம் எடுத்து டோக்கன் ஆக்கலாமா?

கூடாது. திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்ளே, நிலை நிலையாக ஏறிப் போனால் சுவரெல்லாம் ஓவியமும் மரச் சிற்பமும் இருக்கும். தாமிரபரணியில் கடனா நதி வந்து சேரும் இடம் அது. குற்றாலம் சித்திர சபையில் சுவர் முழுக்க ஓவியம். இவற்றை வரைந்தவர்கள் போய் நூற்றாண்டுகள் ஆகிவிட்டன, பதிப்புரிமைக் கணக்கு முடிந்துபோனது. ஆனாலும் கோயிலுக்குள் வியாபாரத்துக்காகப் படம் எடுக்க அனுமதி வேண்டும், அதைவிட, அது ஊருடைய சொத்து. ஒருவர் போனில் எடுத்த படத்தை 'ஒரே ஒரு பிரதி' என்று விற்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஓவியங்களைப் பார்த்து நீங்கள் புதிதாக வரைந்தால், அந்தப் படம் உங்களுடையது. தாராளமாகச் செய்யுங்கள்.

கொடைக்கு வரைந்த மாடன், இசக்கி படங்களுக்கும் இதையே சொல்வேன். வரைந்தவர் உங்கள் தாத்தாவாகவே இருக்கட்டும், வரி பிரித்துக் கூலி கொடுத்தது ஊர். அந்தக் கோயிலுக்கு உட்பட்டவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் செய்தால் ஆயுளுக்கும் மனக்கசப்பு.

வீட்டில் தாத்தாவுக்குத் தாத்தா காலத்துத் தஞ்சாவூர்ப் படம் ஒன்று இருக்கிறது…

100 ஆண்டுகளைத் தாண்டிய ஓவியம் என்றால், 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொன்மைப் பொருள். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. டோக்கனோடு அசலையும் தருகிறேன் என்று வெளிநாட்டுக்காரரிடம் வாக்குக் கொடுத்து மாட்டிக்கொள்ளாதீர்கள். முதலில் தொல்லியல் துறையில் பதிவு பற்றி விசாரியுங்கள்.

படத்தை எப்படி டிஜிட்டலாக்குவது? போன் கேமரா போதுமா?

போதாது. இந்த ஒரு வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டோக்கன் இன்று இருக்கும், நாளை என்ன ஆகுமோ தெரியாது. நல்ல ஸ்கேன் ஒன்று இருந்தால் அசல் கரையான் அரித்துப் போனாலும் பேரன் கையில் படம் இருக்கும்.

காகிதத்தில் வாட்டர் கலரிலோ போஸ்டர் கலரிலோ வரைந்தது, சிறிய அளவு என்றால் பிளாட்பெட் ஸ்கேனரில் 600 டி.பி.ஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வைத்து எடுக்கலாம். பெரிய படத்தைத் துண்டு துண்டாக எடுத்து ஒட்ட வேண்டும். ஏ-2 அளவு ஓவியத்தை 300 டி.பி.ஐ-யில் எடுத்தாலே ஏறக்குறைய மூன்றரைக் கோடிப் புள்ளிகள் வரும். தங்க ரேக்கும் கல்லும் பதித்த படத்தைக் கண்ணாடியில் வைத்து அமுக்கவே கூடாது, ரேக் உரிந்து வந்துவிடும். அதைக் கேமராவில்தான் எடுக்க வேண்டும். படத்தைச் சுவரில் நேராக நிறுத்தி, இரண்டு பக்கமும் 45 பாகைச் சாய்வில் ஒரே மாதிரி விளக்கு வைத்து, லென்ஸைப் படத்தின் நட்ட நடுவுக்கு நேராக வைக்க வேண்டும். ரேக்கின் பளபளப்பு கண்ணைக் கூசினால் போலரைசர் பில்டர் மாட்டலாம். ஆனால் முழுக்க அடக்கிவிட்டால் தங்கம் பித்தளையாகத் தெரியும். நான் ரேக்குப் படங்களை இரண்டு முறை எடுப்பேன்: நிறத்துக்கு ஒன்று, மினுக்கத்துக்கு ஒன்று.

படத்தின் ஓரத்தில் நிற அட்டை ஒன்றை வைத்து எடுங்கள். முருகன் முகத்து நீலமும் அம்மன் பட்டுச் சிவப்பும் திரைக்குத் திரை மாறும், அட்டை இருந்தால்தான் சரிபார்க்க முடியும். விளக்கு வசதி இல்லாதவர்கள் காலை எட்டு ஒன்பது மணிக்கு, வெயில் நேராக விழாத திண்ணையில் வைத்து எடுக்கலாம். நெல்லையில் உச்சி வெயிலில் எடுத்தால் எல்லா நிறமும் வெளுத்துவிடும்.

மூலக் கோப்பை டிஃப் வடிவில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே கொடுக்க ஜேபெக் போதும். படத்தின் பின்பக்கத்தையும் எடுங்கள். அங்கே பென்சிலில் எழுதிய ஒரு விலையோ தேதியோ, முன்பக்கத்தைவிட அதிகம் சொல்லும்.

எந்த பிளாக்செயின்? எவ்வளவு செலவு?

எதீரியம் பழையது, வாங்குகிறவர்கள் அதிகம், கட்டணம் நேரத்துக்கு நேரம் ஏறி இறங்கும். பாலிகான் போன்றவற்றில் கட்டணம் மிகக் குறைவு. விற்கும்போது மட்டும் டோக்கன் பதிவாகும்படி செய்யும் வசதியும் டோக்கன் விற்கும் இணையச் சந்தைகள் சிலவற்றில் உண்டு, அதில் முதலில் கைக்காசு போகாது. மின்சாரத்தை விழுங்குமே என்று சிலர் கவலைப்படுகிறார்கள். 2022 செப்டம்பரில் எதீரியம் தன் முறையை மாற்றிக்கொண்ட பிறகு அதன் மின்செலவு 99 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

டோக்கன் போட்டபின் படம் எங்கே இருக்கும்?

இதைக் கேட்காமல் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். 2022-இல் அப்பாவின் பன்னிரண்டு படங்களை ஒரு சந்தையில் டோக்கன் ஆக்கினேன். மூன்று விற்றன. அந்தச் சந்தை மறு வருஷமே கடையைக் கட்டியது. டோக்கன்கள் பிளாக்செயினில் பத்திரமாகத்தான் இருந்தன, இன்றும் இருக்கின்றன. ஆனால் படங்களை அவர்கள் தங்கள் சர்வரில் வைத்திருந்தார்கள். சர்வரை நிறுத்தியதும் டோக்கனில் இருந்த முகவரி வெற்று முகவரி ஆகிவிட்டது. வாங்கிய ஒருவர், தாம் வாங்கிய மீனாட்சி எங்கே என்று கேட்டு எழுதியபோது கூனிக் குறுகிப் போனேன். மூன்று பேருக்கும் மூலக் கோப்பை அனுப்பிவைத்தேன். அப்பாவிடம் சொன்னேன். "படம் நம்ம அலமாரியிலதானல இருக்கு, எங்க போச்சு?" என்றார்.

படம் மிகப் பெரிய கோப்பு என்பதால் அதை பிளாக்செயினுக்குள் வைப்பது அபூர்வம். டோக்கனில் இருப்பது படத்தின் முகவரி. அந்த முகவரி ஒரு நிறுவனத்தின் இணையதளமாக இருந்தால், நிறுவனத்தின் ஆயுள்தான் படத்தின் ஆயுள். ஐ.பி.எப்.எஸ் என்ற முறையில், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்தே கைரேகை மாதிரி ஒரு முகவரி உருவாகும். படத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் முகவரி மாறிவிடும், அதனால் யாரும் படத்தை மாற்றி வைக்க முடியாது. ஆனால் அங்கும் அந்தக் கோப்பை யாராவது ஒருவர் தொடர்ந்து வைத்திருந்தால்தான் அது கிடைக்கும். ஆர்வீவ் என்ற இன்னொரு முறையில் ஒரே தடவை பணம் கட்டி நெடுங்காலத்துக்கு வைக்கலாம். நான் இப்போது ஐ.பி.எப்.எஸ் முகவரியைத்தான் டோக்கனில் போடுகிறேன். இரண்டு ஹார்ட் டிஸ்க்கில் மூலக் கோப்பு இருக்கும். ஒன்று கடையில், ஒன்று ஓவியர் வீட்டில்.

வாலட் என்கிறார்களே, அதை யார் பெயரில் திறப்பது?

வாலட் என்பது டோக்கனை வைத்துக்கொள்ளும் டிஜிட்டல் பை. ஓவியர் பெயரில் திறங்கள். இயக்குவது பேரனாக இருக்கலாம். வாலட் திறக்கும்போது 12 அல்லது 24 சொற்கள் கொடுக்கும். அந்தச் சொற்கள் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் சொந்தக்காரர், தொலைந்தால் மீட்டுத் தர எந்த அலுவலகமும் கிடையாது. காகிதத்தில் எழுதி, இரண்டு இடத்தில், பத்திரங்களோடு வையுங்கள். போனில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள். வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி அந்தச் சொற்களைக் கேட்பவர் எவராயினும் திருடர்.

அண்ணாச்சி, எவ்வளவு கிடைக்கும்?

2021 மார்ச்சில் பீப்பிள் என்ற அமெரிக்க ஓவியரின் டிஜிட்டல் படத்தொகுப்பு கிறிஸ்டிஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்குப் போனது. அந்தச் செய்தியைக் கேட்டுத்தான் பலர் கடைக்கு வந்தார்கள். 2022-க்குப் பிறகு சந்தை படுத்துவிட்டது. இப்போது போடுகிற டோக்கன்களில் பல விற்பதே இல்லை. விற்றாலும் யார் வாங்குகிறார்கள்? எங்கள் அனுபவத்தில் ஊரை விட்டுப் போனவர்கள், சிறுவயதில் அந்தப் படத்தைப் பாட்டி வீட்டில் பார்த்தவர்கள். அவர்கள் கேட்பது டோக்கனைவிட அந்தப் படத்தின் கதையை.

இதை நம்பி நகையை அடகு வைக்காதீர்கள், வட்டிக்கு வாங்காதீர்கள். அசலை விற்கும்போது சான்றிதழாக டோக்கனையும் சேர்த்துக் கொடுக்கும் வழி நம்மைப் போன்றவர்களுக்குப் பொருத்தமாக இருக்கிறது. விலை அசலுக்கு, டோக்கன் அது கைமாறி வந்த வழியைச் சொல்லும்.

ஒவ்வொரு மறுவிற்பனையிலும் ஓவியருக்குப் பங்கு வருமாமே?

அப்படித்தான் முதலில் சொன்னார்கள், எனக்கும் அதில்தான் ஆசை வந்தது. ஆனால் அந்தப் பங்கைப் பிடித்துக் கொடுப்பது சந்தையின் கையில் இருக்கிறது. 2023 ஆகஸ்டில் ஓபன்சீ என்ற பெரிய சந்தை, கொடுப்பது விற்பவர் விருப்பம் என்று அறிவித்தது. அதனால் மறுவிற்பனைப் பங்கை வருமானக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

நம் பதிப்புரிமைச் சட்டத்திலேயே, முதல் உரிமையாளராக இருந்த ஓவியரின் அசல் படம் 10,000 ரூபாய்க்கு மேல் மறுவிற்பனையானால் அவருக்குப் பங்கு உண்டு, அதிகபட்சம் 10 சதவீதம். நம் பக்கத்தில் அதைக் கேட்டு வாங்கியவரை நான் இன்னும் பார்க்கவில்லை. கேட்க வேண்டும்.

வரி?

2022 ஏப்ரல் 1 முதல் மெய்நிகர் டிஜிட்டல் சொத்து (என்.எப்.டி-யும் இதில் சேரும்) விற்பனை லாபத்துக்கு 30 சதவீத வரி, அதன்மேல் 4 சதவீத செஸ். 10,000 ரூபாய் லாபம் என்றால் 3,120 ரூபாய் வரி. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவைக் கழிக்க முடியாது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றில் ஈடுகட்டவும் முடியாது. 2022 ஜூலை 1 முதல் 1 சதவீத டி.டி.எஸ்-ஸும் உண்டு, சிறு தொகைகளுக்கு விலக்கு இருக்கிறது. டோக்கனோடு அசல் ஓவியத்தின் உரிமையும் சட்டப்படி செல்லும் விதத்தில் கைமாறினால், அந்த என்.எப்.டி இந்த வரி வகையில் வராது என்று 2022 ஜூன் 30-இல் அரசு அறிவித்தது. அசலோடு சேர்த்து விற்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். உங்கள் படம் எதில் சேரும் என்பதை ஒப்பந்தத்தோடு போய் ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

டோக்கன் போட்டபின் அசலை எரித்துவிட வேண்டும் என்கிறார்களே?

வேண்டவே வேண்டாம். டேமியன் ஹர்ஸ்ட் என்ற ஆங்கிலேய ஓவியர் 10,000 ஓவியங்களுக்கு டோக்கன் போட்டு, வாங்கியவர்கள் இரண்டில் ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்றார். 5,149 பேர் காகிதத்தைக் கேட்டார்கள், 4,851 பேர் டோக்கனைக் கேட்டார்கள். டோக்கன் கேட்டவர்களின் ஓவியங்களை 2022-இல் எரிக்கத் தொடங்கினார். அவர் படம், அவர் விருப்பம். நம் ஊரில் கண்ணாடி உடைந்த சாமி படத்தைக்கூட எரிக்க மனம் வராமல் கோயில் வேப்பமரத்தடியில் கொண்டுபோய் வைக்கிறோம். அப்படி வைத்த படங்களுக்கு நடுவே கையால் வரைந்த அசல்களை நானே இரண்டு முறை எடுத்து வந்திருக்கிறேன். வைக்கும் முன் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள்.

எங்கள் படத்தை வேறு யாரோ டோக்கன் போட்டுவிட்டார்கள். என்ன செய்வது?

அந்தச் சந்தைக்குப் பதிப்புரிமைப் புகார் அனுப்புங்கள், பெரும்பாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். பிளாக்செயினிலிருந்து அழிக்க முடியாது. இது அடிக்கடி நடப்பதுதான். 2022 ஜனவரியில் ஓபன்சீயே, தன் இலவச வசதியில் போடப்பட்டவற்றில் 80 சதவீதத்துக்கு மேல் திருட்டு, போலி, குப்பை என்று சொன்னது. தேதியோடு கூடிய ஸ்கேன், அசலின் பின்பக்கப் படம், பதிவுச் சான்று ஆகியவை இருந்தால் புகார் வேகமாக நகரும்.

கடைக்கு வரும்போது என்ன கொண்டு வர வேண்டும்?

படத்தை ஈரத்துணியால் துடைக்காதீர்கள், விபூதியும் எண்ணெயும் படிந்திருந்தாலும் அப்படியே கொண்டு வாருங்கள். சுருட்டியே பல வருஷம் இருந்த படத்தை நீங்களாக விரிக்காதீர்கள், வெடித்துவிடும். ஓவியர் இருந்தால் அவரையும் கூட்டி வாருங்கள். அவர் இல்லையென்றால், அவருக்கு வர்ணம் கலக்கிக் கொடுத்தவரோ, கூடச் சாரத்தில் ஏறியவரோ, வீட்டில் அவருக்குச் சோறு போட்டவரோ யாராவது ஒருவர் வேண்டும். எந்த வருஷம், யாருக்காக, எந்தத் தெருவில் உட்கார்ந்து வரைந்தார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல நான் எழுதிக்கொள்வேன். ஸ்கேன் எடுப்பது அதற்குப் பிறகுதான்.